எழுதிக் கொடு, முத்திரை வாங்கு

சார்செல், பிரான்சு

அன்புத் தங்கச்சிக்கு,

நீ அனுப்பிய குரல் பதிவைக் கேட்டேன். "பையனை வீட்டிலேயே வச்சிப் பாத்துக்கங்கம்மா, அட்டெண்டன்ஸ் நாங்க போட்டுடறோம்" என்று பள்ளியில் தன்மையாகத்தான் சொன்னார்களாம். அந்தத் தன்மைக்குக் கட்டுப்பட்டு நீயும் வாய் திறக்காமல் பாகூருக்குத் திரும்பிவிட்டாய். மாப்பிள்ளை வேறு, "டீச்சரைப் பகைச்சுக்காதே" என்கிறாராம்.

"பிரான்சுல இதெல்லாம் சுளுவா நடக்குமில்லண்ணே?" என்று கேட்டிருந்தாய். சுளுவாக நடப்பதில்லை. 2005 பிப்ரவரி 11-ஆம் தேதிச் சட்டப்படி, இங்கே மாற்றுத்திறன் உள்ள பிள்ளையையும் வீட்டுக்கு அருகிலுள்ள பள்ளியில் சேர்த்தாக வேண்டும். அவனுக்கு என்னென்ன உதவி தேவை என்று முடிவு செய்ய மாவட்டந்தோறும் ஓர் அலுவலகம் உண்டு. வகுப்பில் பக்கத்தில் இருந்து உதவ ஓர் ஆள் என்று அவர்கள் எழுதியும் தருவார்கள். செப்டம்பரில் பள்ளி திறக்கும்போதோ, பல பிள்ளைகளுக்கு அந்த ஆள் வந்திருக்க மாட்டார். சம்பளம் குறைச்சல், பெரும்பாலும் அரைநேர வேலை, யார் வருவார்கள்?

எங்கள் குடியிருப்பில் காரைக்கால்காரர் ஒருவரின் மனைவி தன் பிள்ளைக்கு இந்த உதவியைப் பெறுவதற்காக ஒரு ஃபைல் வைத்திருக்கிறார். மருத்துவர் கடிதம், பள்ளிக்கு எழுதியது, பள்ளி எழுதிய பதில், பதிவுத் தபால் ரசீது எல்லாம் தேதி வாரியாக இருக்கும். அலுவலகத்தில் அதை மேசைமேல் வைத்துவிட்டுத்தான் பேச ஆரம்பிப்பார். தனியாகவும் போவதில்லை, கூடவே பெற்றோர் சங்கத்து ஆள் ஒருவர் போவார். 'உனாபெய்' என்று 1960-இல் தொடங்கிய கூட்டமைப்பு ஒன்று இருக்கிறது. இப்படிப்பட்ட பெற்றோர் சங்கங்கள் சேர்ந்து உண்டாக்கியதுதான்.

சட்டம் என்று பார்த்தால் நீயும் வெறுங்கையோடு நிற்கவில்லை. 2009 கல்வி உரிமைச் சட்டத்தில் 2012-இல் கொண்டுவந்த திருத்தம், கடும் குறைபாடுள்ள பிள்ளைக்கு வீட்டுவழிக் கல்வியை அனுமதிக்கிறது, உண்மைதான். ஆனால் அதைத் தேர்ந்துகொள்ளும் உரிமை பிள்ளையுடையது, பள்ளி உத்தரவு போட முடியாது. 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 31-ஆம் பிரிவு, சான்றிதழில் குறைபாடு 40 விழுக்காடோ அதற்கு மேலோ உள்ள பிள்ளைக்கு 6 முதல் 18 வயது வரை இலவசக் கல்வி தருகிறது. பக்கத்துப் பள்ளியா, புதுச்சேரி சத்யா போன்ற சிறப்புப் பள்ளியா என்பது உங்கள் விருப்பம். 16-ஆம் பிரிவு போக்குவரத்து வசதியையும் சொல்கிறது.

"ஸ்பெஷல் டீச்சர் பல ஸ்கூலுக்கு ஒருத்தர்தாண்ணே, அவங்கள எங்கன்னு தேடுறது?" என்றாய். தொடக்க வகுப்பில் இப்படிப்பட்ட 10 பிள்ளைகளுக்கு ஒருவர், மேல் வகுப்பில் 15 பேருக்கு ஒருவர் என்ற அளவை 2021 அக்டோபரிலேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. 2025 மார்ச்சில் மாநிலங்களும் யூனியன் பிரதேசங்களும் பணியிடங்களை அறிவிக்க வேண்டும் என்று மறுபடி உத்தரவு போட்டது. நம் கொம்யூன் பஞ்சாயத்தில் எத்தனை இடம், எத்தனை காலி என்று தகவல் உரிமைச் சட்டத்தில் மனுப் போட்டுக் கேள். 30 நாளில் பதில் தர வேண்டும்.

அதற்கு முன்னால் தலைமை ஆசிரியருக்கு ஒரு பக்கத்தில் கடிதம் எழுது. கோபம் வேண்டாம். இன்ன தேதியில் இப்படிச் சொன்னீர்கள், என் மகன் தினமும் வருவான், அவனுக்கு இன்னின்ன உதவி வேண்டும் என்று எழுதினால் போதும். சான்றிதழ் நகலை இணைத்துக்கொள். உன்னிடம் இருக்கும் பிரதியில் முத்திரையும் தேதியும் வாங்காமல் வராதே. பதில் வராவிட்டால் கல்வித்துறை, அதற்கும் மேலே மாற்றுத்திறனாளிகள் ஆணையர்.

அரசுப் பள்ளி மேலாண்மைக் குழுவில் முக்கால்வாசிப் பேர் பெற்றோராக இருக்க வேண்டும். வாய்ப்பு மறுக்கப்பட்ட பிரிவுப் பிள்ளைகளின் பெற்றோருக்கும் அதில் உரிய பங்கு உண்டு. மாற்றுத்திறன் உள்ள பிள்ளைகளை 2012 திருத்தம் அந்தப் பிரிவில்தான் சேர்த்திருக்கிறது. அடுத்த கூட்டம் எப்போது என்று விசாரி.

வில்லியனூரில் தெரபிக்குப் போகும்போது உன்னைப் போலவே காத்திருக்கும் தாய்மாரிடமும் பேச்சுக் கொடு. 'வீட்டிலேயே வச்சிக்குங்க' என்று அவர்களிடமும் யாராவது சொல்லியிருப்பார்கள். மனுவை எழுதி எனக்கு அனுப்பு, பிழை திருத்தித் தருகிறேன். கீழே உன் கையெழுத்து மட்டும் இருந்தால் திருப்பி அனுப்பிவிடுவேன்.

அன்புடன்,
அண்ணன்