அவர் எப்படிச் சாப்பிட்டார்?

ஒரு கலைஞர் காலமானால் மறுநாள் பத்திரிகையில் என்ன வரும் என்பது எனக்கு மனப்பாடம். நடித்த படங்கள் இத்தனை, வாங்கிய விருதுகள் இத்தனை, முதலமைச்சர் இரங்கல், சக கலைஞர்கள் கண்ணீர். கடைசிப் பத்தியில் குரலைச் சற்றுத் தாழ்த்தி, 'இறுதிக் காலத்தில் வறுமையில் வாடினார்' என்று ஒரு வரி. அந்த வரியைப் படித்து நாமும் உச்சுக்கொட்டிவிட்டுப் பக்கத்தைப் புரட்டிவிடுவோம். தமிழர்களுக்கு அந்த வரியில் ஒரு ருசி உண்டு என்றே சொல்வேன். ஏழையாகச் செத்தவர்தான் உண்மையான கலைஞர் என்று எங்கேயோ நம் மனசில் பதிந்துபோயிருக்கிறது.

இந்த வயதில் நான் அந்தச் செய்திகளை வேறு விதமாகப் படிக்கிறேன். விருதுப் பட்டியலைத் தாண்டிவிட்டு ஒன்றைத்தான் தேடுகிறேன். ஒரு வேலை முடிந்து அடுத்த வேலை வரும்வரை இந்த மனிதர் எப்படிச் சாப்பிட்டார்?

இப்படிக் கேட்பதற்குக் காரணம் நான் இருக்கும் ஊர். பொத்தேரி ஒரு காலத்தில் ஏரியும் வயலும் ரயில் நிறுத்தமுமாக இருந்த இடம். 1985-ல் பொறியியல் கல்லூரி வந்தது, அது பல்கலைக்கழகமாயிற்று, வயல்கள் விடுதிகளாயின. செங்கல்பட்டு மின்சார ரயில் இங்கே நின்றால் பாதி வண்டி காலியாகிறது. இறங்கும் பிள்ளைகளில் சிலர் தோளில் கேமராவும் கிடாரும் இருக்கும். நான் ஓவிய ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன் என்பது தெருவுக்கே தெரியும். அதனால் பெற்றோர்கள் வந்து கேட்கிறார்கள். "சார், பையன் விஸ்காம்தான் படிப்பேன்னு அடம் பிடிக்கிறான். அது சோறு போடுமா?" பிள்ளைகளும் வருகிறார்கள், அவர்கள் சோற்றைப் பற்றிக் கேட்பதே இல்லை. இரண்டு தரப்புக்கும் நான் அறிவுரை சொல்வதில்லை. மறைந்துபோன சிலருடைய கதையைச் சொல்கிறேன்.

முதலில் எல்லாருக்கும் தெரிந்த கதை. எம்.கே. தியாகராஜ பாகவதரின் 'ஹரிதாஸ்' 1944 தீபாவளிக்கு வந்தது. சென்னை பிராட்வே தியேட்டரில் மூன்று தீபாவளிகளைக் கண்டது. படம் ஓடிக்கொண்டிருக்கும்போதே, அந்த வருஷக் கடைசியில், லட்சுமிகாந்தன் கொலை வழக்கில் பாகவதரும் என்.எஸ். கிருஷ்ணனும் கைதானார்கள். 1947-ல் விடுதலை. ஒப்பந்தமான படங்களெல்லாம் அதற்குள் கைவிட்டுப் போயிருந்தன. வெளியே வந்த பிறகு அவர் நடித்தவை ஓடவில்லை. சர்க்கரை நோய் முற்றி 1959 நவம்பர் 1-ஆம் தேதி இறந்தார். அவருடைய கடைசிப் படமான 'சிவகாமி' அதற்கு அடுத்த ஆண்டுதான் திரைக்கு வந்தது. கிருஷ்ணன் அவருக்கு இரண்டு ஆண்டு முந்திக்கொண்டார். கேட்டவர்க்கெல்லாம் கொடுத்தே தீர்ந்த கை அது. நகைச்சுவை நடிகர் சந்திரபாபு 1974-ல், ஐம்பதைக்கூடத் தொடாமல் போனார். சொந்தமாக எடுக்கத் தொடங்கிய 'மாடி வீட்டு ஏழை' பாதியில் நின்றதும் ஆசையாகக் கட்டிய வீடு கைநழுவியதும் ஊரறிந்தவை.

இந்த மூவரின் கதையைச் சொல்லும்போதெல்லாம் கேட்பவர் சொல்வது ஒன்றுதான்: "விதி சார்." எனக்கு அது விதியாகத் தெரியவில்லை. படத்துக்கு இவ்வளவு என்று மொத்தமாகப் பணம் வரும். படம் இல்லாத மாதத்தில் ஒரு காசு வராது. மாதச் சம்பளம் இல்லை, ஓய்வூதியம் இல்லை, சேமநிதி இல்லை. குமாஸ்தாவுக்குக் கூட இருந்த பாதுகாப்பு லட்சங்களில் சம்பாதித்தவருக்கு இல்லை. திறமை குறைந்ததால் யாரும் வீழவில்லை. பாகவதரின் குரல் சிறையிலிருந்து வந்த பிறகும் பாகவதரின் குரல்தான். வருமானம் ஒற்றைக் காலில் நின்றது, அந்தக் கால் இடறியது.

இந்தச் சிக்கலை முதலிலேயே கண்டுகொண்டு அதற்கு ஒரு வழி செய்த மனிதர் ஒருவர் நம் கடற்கரைப் பக்கமே வாழ்ந்தார். சினிமாக்காரர்களுக்குக் கிடைத்த புகழில் நூறில் ஒரு பங்கும் அவருக்குக் கிடைக்கவில்லை என்பதால் அவரைப் பற்றி நிறுத்தி நிதானமாகச் சொல்ல வேண்டும்.

கே.சி.எஸ். பணிக்கர். 1911-ல் கோயம்புத்தூரில் பிறந்தவர். படிப்பு முடிந்ததும் அவருக்குக் கிடைத்தது தந்தி இலாகா வேலை. வீட்டுப் பொறுப்பு தலையில் இருந்தது, வரைவதை ஒத்திப்போட வேண்டியதாயிற்று. இருபதுகளின் நடுவில்தான் சென்னை ஓவியப் பள்ளியில் சேர்ந்தார். தேவி பிரசாத் ராய் சௌத்ரி முதல்வராக இருந்த காலம் அது. மெரினாவில் பாறையைப் புரட்டும் உழைப்பாளர் சிலை ராய் சௌத்ரி செய்தது. ராய் சௌத்ரி ஓய்வு பெற்ற 1957-ல் பணிக்கர் அந்த நாற்காலிக்கு வந்தார். பத்து ஆண்டு முதல்வராக இருந்தார்.

அந்தப் பத்து ஆண்டில் அவர் கண்ணில் பட்டது ஒரு வேதனையான காட்சி. பள்ளியில் அபாரமாக வரைந்த பையன், பட்டயம் வாங்கியதும் துணி ஆலையில் டிசைன் போடப் போகிறான், விளம்பரக் கம்பெனிக்குப் போகிறான், கல்யாணமாகிறது. ஐந்து வருஷம் கழித்துப் பார்த்தால் தூரிகை எங்கே என்று அவனுக்கே தெரியாது. படம் வாங்குகிறவர்கள் அன்றைய சென்னையில் விரல்விட்டு எண்ணக்கூடியவர்கள். வேறொருவராக இருந்தால், 'கலைக்காகப் பட்டினி கிட' என்று உபதேசம் செய்திருப்பார், அல்லது அரசாங்கத்துக்கு மனுப் போட்டிருப்பார். பணிக்கர் செய்தது, மாணவர்களை உட்காரவைத்துக் கைத்தொழில் செய்யச் சொன்னது. மெழுகு பூசிச் சாயமேற்றும் பாத்திக் துணி, தோல் வேலை, உலோக வேலை, மட்பாண்டம். நாளில் ஒரு பகுதி இதற்கு, மிச்சமெல்லாம் அவரவர் ஓவியத்துக்கு. பாத்திக் துணி விற்றது. விற்ற பணத்தைச் சேர்த்து, இஞ்சம்பாக்கத்தில் கடலோரம் மணல் காடாகக் கிடந்த நிலத்தை வாங்கினார்கள். 1966-ல் முப்பது கலைஞர்கள் போல ஒன்றுசேர்ந்து சோழமண்டல ஓவியர் கிராமத்தைத் தொடங்கினார்கள்.

இன்று கிழக்குக் கடற்கரைச் சாலையில் அந்த இடத்தின் நிலமதிப்பைக் கேட்டால் தலை சுற்றும். அன்று அங்கே மின்சாரமே சந்தேகம். வீட்டையும் பட்டறையையும் அவர்களே கட்டிக்கொண்டார்கள். விற்பனையைச் சங்கம் பார்த்துக்கொண்டது, ஒரு பங்கு பொதுச் செலவுக்குப் போயிற்று. உலோகச் சிற்பி பி.வி. ஜானகிராம், ஓவியர் ஜே. சுல்தான் அலி என்று அங்கே வேலை செய்தவர்களின் பெயர்கள் இந்தியக் கலை வரலாற்றில் நிலைத்தன. பணிக்கர் 1977 ஜனவரியில் மறைந்தார். அவருக்குப் பின் அவர் மகன், சிற்பி எஸ். நந்தகோபால், 2017-ல் மறையும்வரை அந்த இடத்தைக் காப்பாற்றினார். பணிக்கரின் 'சொற்களும் குறியீடுகளும்' வரிசை ஓவியங்களைப் பற்றிப் பெரிய பெரிய கட்டுரைகள் இருக்கின்றன. எனக்கு அவற்றைவிட அந்தப் பாத்திக் துணி பெரிசு. அதைச் சொன்னால் கலை விமர்சகர்கள் முகம் சுளிப்பார்கள், சுளிக்கட்டும்.

ஆனால் சோறு கிடைத்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று நான் சொல்வதாக நினைக்க வேண்டாம். அதே கிராமத்தில் கே. ராமானுஜம் என்று ஒருவர் இருந்தார். சரளமாகப் பேச வராது. காகிதத்தில் மையால் அவர் கட்டிய நகரங்கள் வேறு உலகம். மாளிகைகள், பாம்புகள், தேவதைகள், நடுவிலே தொப்பி போட்ட ஒரு மனிதர். அந்தத் தொப்பிக்காரர் அவரேதான். ஊரார் கேலி செய்த அந்த மனிதரைப் பணிக்கர் அணைத்து வைத்திருந்தார். தங்க இடமும் வரைய இடமும் கிடைத்தன. இருந்தும் 1973-ல், முப்பதுகளின் தொடக்கத்திலேயே, ராமானுஜம் தன் உயிரை மாய்த்துக்கொண்டார். அவருக்குத் தேவைப்பட்ட மருத்துவமும் துணையும் அந்தக் காலத்தில் யாருக்கும் புரிந்திருக்கவில்லை. பிள்ளை வரைகிறான், பாடுகிறான் என்று பெருமைப்படும் பெற்றோருக்கு இந்தக் கதையையும் நான் விடாமல் சொல்வதுண்டு. பிள்ளை பேசாமல் அறைக்குள் இருந்தால், 'கலைஞன் அப்படித்தான்' என்று விட்டுவிடாதீர்கள். மருத்துவரிடம் அழைத்துப் போங்கள்.

பொத்தேரியிலிருந்து செங்கல்பட்டு, திருக்கழுக்குன்றம் வழியாகப் பேருந்தில் போனால் மாமல்லபுரம். ஊருக்குள் நுழையும்போதே உளிச் சத்தம் கேட்கும் என்று பழைய பயணக் கட்டுரைகளில் எழுதுவார்கள். இப்போது கல் அறுக்கும் இயந்திரத்தின் கூச்சல்தான் முதலில் கேட்கிறது, உளி அதற்கு உள்ளே எங்கேயோ இருக்கிறது. அந்த உளி இன்னும் ஓயாமல் இருப்பதற்கு முக்கியக் காரணம் 1957-ல் அரசு அங்கே தொடங்கிய சிற்பப் பள்ளி. முதலில் அதை நடத்தியவர் பிள்ளையார்பட்டி வைத்தியநாத ஸ்தபதி. அவருக்குப் பிறகு பொறுப்பேற்றவர் மகன் வை. கணபதி ஸ்தபதி, 1927-ல் பிறந்தவர், கணிதப் பட்டதாரி. கால் நூற்றாண்டுக்கு மேல் அங்கே தலைமை வகித்தார்.

இவர் வேலைகளைச் சொல்லத் தொடங்கினால் முடியாது. திருவாரூர்த் தேரைக் கல்லில் நிறுத்திய வள்ளுவர் கோட்டம், 1976. கன்னியாகுமரியில் 133 அடி வள்ளுவர், அறத்துப்பாலின் 38 அதிகாரங்களுக்கு 38 அடிப் பீடம், மற்ற 95-க்கு 95 அடிச் சிலை. 1990-ல் வேலை தொடங்கி 2000 ஜனவரி 1-ஆம் தேதி திறப்பு. அந்தக் கல்லில் ஒரு பகுதி அன்றைய காஞ்சிபுரம் மாவட்டத்துச் சிறுதாமூரிலிருந்து போனது என்பது நம் பக்கத்து மக்களுக்கே தெரியாத செய்தி. உள்ளே கூடாகவும் இடுப்பில் ஒரு வளைவோடும் நிற்கும் அந்தச் சிலை, திறந்து ஐந்தாவது வருஷமே சுனாமியைப் பார்த்தது. அசையவில்லை.

ஆனால் என் கேள்விக்கு வருகிறேன். இவர் எப்படிச் சாப்பிட்டார்? மாதச் சம்பளம் வாங்கிச் சாப்பிட்டார். ஆசிரியராக, அரசு ஊழியராக. தகப்பன் மகனுக்கு மட்டும் சொல்லிக்கொடுத்த வித்தையை, தாலக் கணக்கிலிருந்து கல்லின் ஒலி பார்த்து ஆண் கல், பெண் கல் பிரிப்பதுவரை, வகுப்பறையில் எல்லாச் சாதிப் பிள்ளைகளுக்கும் திறந்துவிடும் இடத்துக்கு அரசு சம்பளம் கொடுத்தது. அங்கே படித்தவர்கள் அறநிலையத்துறையில் இருக்கிறார்கள், வெளிநாட்டுக் கோயில்களில் இருக்கிறார்கள், மாமல்லபுரத்திலேயே பட்டறை வைத்திருக்கிறார்கள். கணபதி ஸ்தபதி 2011 செப்டம்பரில் மறைந்தார். ஹவாயின் கவாய் தீவில் அவர் வடிவமைத்த இறைவன் கோயிலுக்கு அப்போது வேலை முடியவில்லை. பெங்களூருக்கு அருகே சிற்பிகள் கையால் செதுக்கிக் கப்பலில் அனுப்பிய கற்கள் ஒவ்வொன்றாக ஏறி, 2023-ல் அங்கே குடமுழுக்கு நடந்தது. செத்து பன்னிரண்டு வருஷம் கழித்து ஒருவருடைய வேலை முடிகிறது என்றால், அந்த வேலையைச் செய்யத் தெரிந்த கைகளை அவர் முன்கூட்டியே தயார் செய்துவைத்திருந்தார் என்று பொருள்.

நாடகத்திலும் இப்படி ஒருவர் முயன்றார். ந. முத்துசாமி, 1977-ல் கூத்துப்பட்டறையைத் தொடங்கியவர். புரிசை கண்ணப்பத் தம்பிரானின் தெருக்கூத்தை நகரத்து நடிகர்களுக்குக் கற்பிக்க வழி செய்தவர். ஃபோர்டு அறக்கட்டளை நிதி கிடைத்த ஆண்டுகளில் நடிகர்களுக்கு மாதச் சம்பளமே கொடுத்தார். தமிழ் நாடகத்தில் அப்படி ஒன்று கேள்விப்படாதது. கணக்கு எழுத ஒரு ஆளையும் வைத்திருந்தார்கள். அந்த வேலை பார்த்தவர்களில் ஒருவர்தான் இன்றைய விஜய் சேதுபதி. வெளிநிதி என்பது நிரந்தரமல்ல, அந்தச் சம்பளமும் நிலைக்கவில்லை. முத்துசாமி 2018 அக்டோபரில் போய்ச் சேர்ந்தார். அவர் பட்டறையில் பழகியவர்கள் இன்று தமிழ் சினிமாவில் எத்தனை பேர் என்று பாருங்கள்.

பணிக்கருக்கும் ஸ்தபதிக்கும் முத்துசாமிக்கும் வாய்த்தது எல்லாருக்கும் வாய்க்காது. நம் மாவட்டத்திலேயே திரௌபதி அம்மன் கோயில் திருவிழாவில் விடிய விடிய வேடம் கட்டியவர்கள், சாவு வீட்டிலும் கல்யாண வீட்டிலும் மேளம் வாசித்தவர்கள், பம்பை அடித்தவர்கள் எத்தனையோ பேர். ஆடி முடிந்தால் கூத்து முடியும், பிறகு கூலி வேலை. வயதானால் இரண்டும் இல்லை. இவர்கள் இறந்தால் பத்திரிகையில் செய்தி வராது, 'வறுமையில் வாடினார்' என்ற வரிகூட வராது. கிராம மக்கள் மாலை போடுவார்கள், பெயர் பலகை வைப்பார்கள். அந்தப் பலகைக்கு ஆகும் செலவு, அவர் உயிரோடிருந்த கடைசி மாதத்து மருந்துச் செலவைவிட அதிகமாக இருக்கும். இதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

இவர்களுக்கென்று தமிழ்நாடு இயல் இசை நாடக மன்றம் மூலம் மாதம் 3,000 ரூபாய் உதவித்தொகை இருக்கிறது. 58 வயதைத் தாண்டிய, நலிந்த நிலையில் உள்ள கலைஞர்களுக்கு. நாட்டுப்புறக் கலைஞர்கள் நல வாரியம் என்று தனியாக ஒன்றும் இருக்கிறது. தொகை பெரிதில்லை, ஆனால் மாதாமாதம் வரும். பாகவதருக்குக் கிடைக்காதது அதுதான். வருமானச் சான்று, வயதுச் சான்று, கலைஞர் என்பதற்கு ஆதாரம் என்று கேட்கும்போது கூத்தாடியவர் மிரண்டு ஒதுங்கிவிடுகிறார், அவ்வளவுதான் தடை. உங்கள் ஊரில் அப்படி ஒருவர் இருந்தால், படிவத்தை வாங்கிக்கொண்டு அவர் வீட்டுக்குப் போங்கள். அவர் சொல்லச் சொல்ல நீங்கள் நிரப்புங்கள். தாசில்தார் அலுவலகத்துக்கு அவரோடு நீங்களே ஒரு நடை போய் வாருங்கள்.