தேதி சொன்னவர்

ஒரு விளையாட்டுக்காக ஆறு ஆண்டுகள் காத்திருந்தார்கள். அது வந்தது. அடுத்ததற்காகவும் காத்திருந்தார்கள். அது வரவில்லை.

2003 மே மாதம். லாஸ் ஏஞ்சல்ஸில் ஆண்டுதோறும் நடந்துவந்த வீடியோ விளையாட்டுக் கண்காட்சி. இருட்டாக்கப்பட்ட அரங்கின் திரையில் ஒரு முகம். கண்கள் நகர்கின்றன. உதடு லேசாகச் சுழிக்கிறது. புருவத்தின் நெளிவில் ஏளனம் தெரிகிறது. அதுவரை கம்ப்யூட்டர் விளையாட்டுகளில் மனிதர்கள் என்றால் வாயை மட்டும் திறந்து மூடும் மரப்பொம்மைகள்தான். அடுத்த காட்சியில் தண்ணீரில் சில பொருள்கள் விழுகின்றன. கனமானது மூழ்குகிறது, லேசானது மிதக்கிறது. நிஜ வாழ்க்கையில் யாரும் திரும்பிக்கூடப் பார்க்காத விஷயம். திரையில் அதைப் பார்த்தவர்கள் அசந்துபோனார்கள்.

'ஹாஃப் லைஃப் 2' உலகத்துக்கு முகம் காட்டியது அப்படித்தான். அதைத் தயாரித்த வால்வ் நிறுவனத்தின் தலைவர் கேப் நியூவெல்லுக்கு அப்போது வயது 40. ரசிகர்கள் ஐந்தாண்டுகளாகக் கேட்டுவந்த கேள்விக்கு அவர் பதிலும் வைத்திருந்தார்: செப்டம்பர் 30 அன்று விளையாட்டு கடைக்கு வரும்.

சொல்லாமல் இருந்திருக்கலாம்.

நியூவெல் ஹார்வர்டு படிப்பைப் பாதியில் விட்டவர். மைக்ரோசாஃப்டில் 13 ஆண்டுகள் விண்டோஸ் போன்றவற்றில் வேலை பார்த்துப் பெரும் பணம் சேர்த்தவர். அங்கே உடன் வேலை பார்த்த மைக் ஹாரிங்டனோடு சேர்ந்து 1996இல் சியாட்டிலை ஒட்டிய ஊரில் வால்வைத் தொடங்கினார். முதலீடு இருவரின் சொந்தப் பணம். முதல் தயாரிப்பான 'ஹாஃப் லைஃப்' 1997 கடைசியில் வந்திருக்க வேண்டும். ஏறக்குறைய முடிந்த நிலையில் எடுத்துப் பார்த்தார்கள். திருப்தி இல்லை. பெரும்பகுதியைக் கலைத்துவிட்டு மறுபடி கட்டினார்கள். ஓர் ஆண்டு தாமதம். 1998 நவம்பரில் வெளியானபோது அந்த ஓர் ஆண்டை யாரும் நினைவில் வைத்திருக்கவில்லை. பல பத்து லட்சம் பிரதிகள் விற்றன. கார்டன் ஃப்ரீமன் என்ற கண்ணாடி போட்ட இயற்பியல் விஞ்ஞானி, ரகசிய ஆய்வுக்கூடத்தில் நடந்த சோதனை விபரீதமாகி வேற்றுலக ஜந்துகள் கொட்டி இறங்க, கையில் ஒரு கடப்பாரையோடு தப்பி வரும் கதை. ஃப்ரீமன் ஒரு வார்த்தைகூடப் பேசமாட்டார். ஆடுகிறவர்தான் ஃப்ரீமன்.

நியூவெல் கற்ற பாடம் எளிமையானது. தாமதத்தை ஜனங்கள் மறந்துவிடுவார்கள், மோசமான சரக்கை மறக்கமாட்டார்கள். 1999இல் இரண்டாம் பாகத்தின் வேலை தொடங்கியபோது அந்தப் பாடத்தையே விதியாக்கினார். கெடு கிடையாது. பட்ஜெட்டுக்கு வரம்பு கிடையாது. எவ்வளவு காலம் பிடித்தாலும் சரி, முதலாவதை மிஞ்ச வேண்டும்.

உலகத்தில் எத்தனையோ பேர் ஏங்கும் வேலை இது: கெடு இல்லை, செலவுக்குக் கேள்வி இல்லை. ஆனால் 'எப்போது' என்று கேட்க ஆளில்லாத இடத்தில் 'போதும்' என்று சொல்லவும் ஆளில்லை.

இத்தனைக்கும் அந்த ஆண்டுகளில் அவர்கள் சும்மா இருக்கவில்லை. மனித முகத்தில் எந்தத் தசை அசைந்தால் எந்த உணர்ச்சி தெரியும் என்று வகைப்படுத்திய உளவியல் அறிஞர் பால் எக்மனின் ஆராய்ச்சியைப் படித்து, அதன்படி முகங்களுக்கு உயிர் கொடுத்தார்கள். பொருள்களுக்கு எடையும் உராய்வும் தருவதற்கு டப்ளினில் பிறந்த ஹாவோக் நிறுவனத்தின் சாஃப்ட்வேரை வாங்கித் தங்கள் தேவைக்கு வளைத்தார்கள். பலகையின் ஒரு முனையில் செங்கல்லை அடுக்கினால் மறுமுனை உயரும். அதில் ஏறிச் சுவரைத் தாண்டலாம். குழந்தைகளின் ஏற்றப்பலகைதான். ஆனால் விளையாட்டு உலகில் அது புதிய இலக்கணம்.

கதை நடக்கும் 'சிட்டி 17' நகரத்தை வடிவமைத்தவர் பல்கேரியத் தலைநகர் சோஃபியாவில் பிறந்த விக்டர் அன்டோனோவ். 2025இல் காலமானார். ரயில் நிலையம், காரை உதிர்ந்த அடுக்குமாடிகள், அவற்றுக்கு நடுவே வானத்தைக் கிழித்துக்கொண்டு நிற்கும் அந்நியக் கோட்டை. கிழக்கு ஐரோப்பாவைத் தெரிந்தவர் கை பட்ட நகரம் என்பது பார்த்ததுமே புரியும். வேற்றுலகப் பேரரசு ஏழே மணி நேரத்தில் பூமியைப் பிடித்துவிட்டது. மிச்சமிருக்கும் மனிதர்கள் ரேஷன் வரிசையில் நிற்கிறார்கள். விஞ்ஞானக் கதை எழுத்தாளரான மார்க் லெய்ட்லா எழுதிய கதை. அதன் நாயகனும் காத்திருந்தவன்தான். முதல் பாகத்தின் முடிவில் ஒரு மர்ம மனிதர் ஃப்ரீமனைக் காலத்துக்கு வெளியே நிறுத்திவைக்கிறார். ஏறக்குறைய இருபது ஆண்டுகள் கழித்துத்தான் எழுப்புகிறார்.

லாஸ் ஏஞ்சல்ஸில் பார்த்தவர்கள் கைதட்டியது நியாயம். ஆனால் காட்டியது கல்யாணப் பந்தலின் முகப்பை மட்டும். உள்ளே சமையல் இன்னும் அடுப்பில் ஏறவில்லை. செப்டம்பர் 30 நடக்காத காரியம் என்பது உள்ளே வேலை பார்த்தவர்களில் பலருக்குத் தெரிந்தே இருந்தது. நாள் நெருங்கிய பிறகே, கெடுவுக்கு ஒரு வாரம் முன்புதான், தள்ளிப்போகிறது என்ற அறிவிப்பு வந்தது. ரசிகர்கள் கொதித்தார்கள்.

அந்தச் சூடு ஆறுவதற்குள் அடுத்த இடி. அக்டோபர் 2 அன்று நியூவெல்லே ஒப்புக்கொண்டார்: விளையாட்டின் மூல நிரல் திருட்டுப்போய்விட்டது. யாரோ அவரது கம்ப்யூட்டருக்குள்ளும் நிறுவனத்தின் நெட்வொர்க்கிலும் நுழைந்து அள்ளிப்போயிருந்தார்கள். அது இன்டர்நெட்டில் ஊர் சுற்றியது. சில நாள்களில், அரைகுறையாக ஆடிப் பார்க்கக்கூடிய வடிவமும் வெளியே வந்துவிட்டது.

பல ஆண்டு உழைப்பு திருடர் கையில் என்பது ஒரு வேதனை. திருடியதைத் திறந்து பார்த்தவர்கள் கண்டுகொண்டது இன்னொரு வேதனை. பல இடங்களில் வெறும் கூடுதான் இருந்தது. மே மாதம் காட்டிய அற்புதங்களில் சில ஒத்திகை பார்த்து அமைக்கப்பட்டவை. தாமதத்துக்குத் திருட்டைக் காரணம் சொல்வது எளிது, பலர் அப்படித்தான் நம்பினார்கள். ஆனால் நாள்காட்டி வேறு கதை சொல்கிறது. தேதி தவறியது முதலில், திருட்டு வெளியே தெரிந்தது பிறகு. திருடன் வராவிட்டாலும் செப்டம்பரில் விளையாட்டு வந்திருக்காது.

திருடியவர் ஜெர்மனியைச் சேர்ந்த இளைஞர், இருபதுகளின் தொடக்கத்தில் இருந்தவர். வில்லன் அல்ல, ரசிகர். காத்திருக்கப் பொறுமை இல்லாத ரசிகர். சில மாதங்கள் கழித்து அவரே நியூவெல்லுக்கு மின்னஞ்சல் எழுதினார். நுழைந்தது நான்தான், ஊருக்கு விநியோகித்தது நானல்ல என்றார். அங்கே வேலை கிடைக்குமா என்றும் கேட்டார்! வால்வ் தொலைபேசியில் பேட்டி எடுத்தது. அமெரிக்காவுக்கு வரவழைத்துப் பிடிக்க எஃப்.பி.ஐ. திட்டம். 2004 மே மாதம் ஜெர்மன் போலீஸ் முந்திக்கொண்டு அவரைப் படுக்கையிலிருந்து எழுப்பியது. நீதிமன்றம் சிறைக்கு அனுப்பாமல் இரண்டாண்டு நன்னடத்தைக் கண்காணிப்பில் விட்டது.

வெளியே தெரிந்த தொல்லைகள் இவை. தெரியாத ஒன்று நீதிமன்றத்தில் ஓடிக்கொண்டிருந்தது. 2000களின் தொடக்கத்தில் நம் ஊர் பிரவுசிங் சென்டர்களில் மாணவர்கள் மணிக்கணக்கில் ஆடிய 'கவுன்ட்டர் ஸ்டிரைக்', 'ஹாஃப் லைஃப்' மேல் ரசிகர்கள் கட்டியெழுப்பிய விளையாட்டு. இப்படி இன்டர்நெட் மையங்களுக்கு விளையாட்டைத் தரும் உரிமை யாருக்கு என்பதில் வால்வுக்கும் விநியோக நிறுவனமான விவேந்திக்கும் 2002இல் வழக்கு மூண்டது. விவேந்தி பதில் வழக்குப் போட்டது. அதில் நியூவெல் தனிப்பட்ட முறையிலும் பிரதிவாதி.

ஒரு பக்கம் வக்கீல் செலவு, மறுபக்கம் முடிவே தெரியாத விளையாட்டு. அதன் செலவு மட்டும் சுமார் 4 கோடி டாலர் என்று பின்னாளில் கணக்குச் சொல்லப்பட்டது. அன்றைய மதிப்பில் ஏறக்குறைய 180 கோடி ரூபாய். பட்ஜெட்டுக்கு வரம்பு கிடையாது என்று சொன்னவருக்கு வரம்பு எங்கே இருக்கிறது என்பது தெரியவந்தது. விளையாட்டின் இருபதாம் ஆண்டையொட்டி 2024 நவம்பரில் வால்வ் வெளியிட்ட ஆவணப்படத்தில் நியூவெல் அதைச் சொல்கிறார். கம்பெனி திவால் ஆகும் நிலை, அவரும் திவால் ஆகும் நிலை, வீட்டை விற்பதுதான் பாக்கி.

காப்பாற்றியவர் கோடை விடுமுறைக்குப் பயிற்சிக்கு வந்த ஒரு மாணவர் என்கிறது அதே படம். எதிர்த்தரப்பு ஒப்படைத்த காகிதக் குவியலில் ஏராளமானவை கொரிய மொழியில் இருந்தன. யார் படிக்கப்போகிறார்கள்? அந்த மாணவருக்குக் கொரிய மொழி தாய்மொழி. உட்கார்ந்து படித்தார். ஆதாரங்களை அழித்தது பற்றிய மின்னஞ்சல் ஒன்று அதில் அகப்பட்டது. வழக்கின் போக்கு திரும்பியது. 2004 நவம்பரில் இன்டர்நெட் மையங்கள் விஷயத்தில் நீதிபதி வால்வின் பக்கம் தீர்ப்பளித்தார். அடுத்த ஏப்ரலில் சமரசம் ஆனது.

அதற்குள் விளையாட்டும் வந்துவிட்டது: 2004 நவம்பர் 16. முதல் பாகத்துக்குப் பின் ஆறு ஆண்டுகள். டிஸ்க் வாங்கினவர்களும் வால்வின் 'ஸ்டீம்' இணையச் சேவையில் பதிவு செய்தால்தான் ஆட முடியும் என்று நிபந்தனை. முதல் நாள் கூட்டத்தில் சர்வர்கள் திணறின. கையில் டிஸ்க், கண்ணெதிரே கம்ப்யூட்டர், ஆனால் ஆட முடியவில்லை. ஆறு ஆண்டுகள் காத்தவர்களுக்குக் கடைசியாக இன்னும் சில மணி நேரம். உள்ளே போனபின் எல்லாம் மறந்துவிட்டது. விமர்சனங்களைக் கூட்டிச் சராசரி பார்க்கும் மெட்டாகிரிட்டிக் தளத்தில் நூற்றுக்கு 96. திட்டு வாங்கிய ஸ்டீம், கம்ப்யூட்டர் விளையாட்டு விற்கும் உலகின் மிகப் பெரிய கடையாக வளர்ந்தது. நியூவெல் பெரும் கோடீஸ்வரர்களில் ஒருவரானார்.

கதையை இங்கே நிறுத்தினால் 'பொறுத்தார் பூமி ஆள்வார்' என்று நீதி எழுதிவிடலாம். நிறுத்த முடியாது.

இனி ஆறு ஆண்டு காக்க வைக்க வேண்டாம் என்று வால்வ் முடிவெடுத்தது. கதையின் தொடர்ச்சியைச் சிறு சிறு பகுதிகளாக, அடுத்தடுத்து தருவது திட்டம். 'எபிசோட் ஒன்று' 2006இல் வந்தது. 'எபிசோட் இரண்டு' 2007 அக்டோபரில். அதன் கடைசிக் காட்சியில் அலிக்ஸ் என்ற இளம்பெண்ணின் தந்தை கண்ணெதிரே கொல்லப்படுகிறார். உடலைக் கட்டிக்கொண்டு அவள் அழுகிறாள். திரை இருள்கிறது.

'எபிசோட் மூன்று' வரவே இல்லை.

என்ன ஆனது? ஆவணப்படத்தில் பதில் இருக்கிறது. வேலை தொடங்கினார்கள். பனிப்பிரதேசக் காட்சிகள், பனிக்கட்டியைச் சுவராக எழுப்பும் துப்பாக்கி, வடிவமில்லாத ஒரு ஜந்து என்று கொஞ்சம் செய்தும் பார்த்தார்கள். நடுவில் வேறொரு விளையாட்டை முடிக்க ஆள்கள் போனார்கள். திரும்பியபோது நேரம் கடந்துவிட்டதாகத் தோன்றியது. கதையை நகர்த்துவதற்காக மட்டும் ஒன்றைச் செய்வது சோம்பேறித்தனம் என்றும், அதைத் தாண்டி அந்த விளையாட்டு எதை முன்னே கொண்டுபோகும் என்பதற்குத் தனக்கு விடை கிடைக்கவில்லை என்றும் நியூவெல் ஒப்புக்கொள்கிறார். தோல்வியை அவர் வேறு யார் மேலும் போடவில்லை.

இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஒன்று உறுத்துகிறது. 'ஹாஃப் லைஃப் 2' பிறந்தபோது பணம் தீர்ந்துகொண்டிருந்தது, வழக்கு கழுத்தை நெரித்தது, சொன்ன தேதி மானத்தை வாங்கியது, திருடன் அரைகுறையை அம்பலப்படுத்தினான். முடிக்காவிட்டால் கம்பெனி இல்லை. முடித்தார்கள். மூன்றாவதை முடிக்காவிட்டால் யாருக்கும் எதுவும் ஆகாது. ஸ்டீம் கொட்டிக் கொடுத்தது. 1999இல் அவர் ஆசைப்பட்ட கெடு இல்லாத, வரம்பு இல்லாத வேலை உண்மையிலேயே கைக்கு வந்தது இப்போதுதான். கதை நின்றுபோனதும் இப்போதுதான்.

லெய்ட்லா 2016இல் ஓய்வுபெற்றார். மறு ஆண்டு, பெயர்களை மாற்றிப்போட்டு, கதை எப்படி முடிந்திருக்கும் என்பதைக் கடிதம் போல எழுதி வெளியிட்டார். ஆட முடியாத முடிவை ரசிகர்கள் படித்துத் தீர்த்துக்கொண்டார்கள்.

2020 மார்ச்சில், கண்ணை மூடும் கருவி அணிந்து ஆடும் 'ஹாஃப் லைஃப்: அலிக்ஸ்' வந்தது. அழுத அந்தப் பெண்தான் அதன் நாயகி. கதை நடப்பது முந்தைய காலத்தில். ஆனால் கடைசி நிமிடங்களில் காலம் புரள்கிறது. செத்த தந்தை பிழைத்துக்கொள்கிறார், மகள் மர்ம மனிதரிடம் சிக்கிக்கொள்கிறாள். ஃப்ரீமன் கையில் பழைய கடப்பாரை மறுபடி வைக்கப்படுகிறது. ரசிகர்கள் 13 ஆண்டுகள் சுமந்த துக்கத்தைச் சில நிமிடங்களில் துடைத்துவிட்டு, அதே இடத்தில் புதிய காத்திருப்பை நட்டுவிட்டுப் போனார்கள்.

இந்த முறை நியூவெல் தேதி சொல்லவில்லை.