கைநாட்டு

சீனாவுக்குப் போய்வந்தேன் என்றால் நம் ஊரில் முதலில் கேட்கிற கேள்வி ஒன்றுதான். "பாம்பு, தேளெல்லாம் திங்கறாங்களாமே, பார்த்தீங்களா சார்?" டீக்கடையில் கேட்டார்கள், கல்யாண வீட்டில் கேட்டார்கள், பென்ஷன்காரர்கள் கூட்டத்திலும் கேட்டார்கள். மூன்று மாதம் குறைய ஒரு வாரம் இருந்தேன். ஒரு பாம்பையும் பார்க்கவில்லை. பார்த்தது கோழிக்கால். நம் நாமக்கல்லில் கறிக்கடைக்காரர் வெட்டி ஒதுக்கிவிடுகிற காலை அங்கே பதமாக வேகவைத்து, சின்ன மூங்கில் தட்டில் வைத்துக் காலைத் தேநீரோடு கொடுக்கிறார்கள். அதற்கு 'ஃபீனிக்ஸ் நகம்' என்று பெயர் வேறு.

முட்டைக்கும் ஒரு சங்கதி உண்டு. அங்கே முட்டையை எடை போட்டு விற்கிறார்கள். அரைக் கிலோவுக்கு 'ஜின்' என்று பெயர். தினமும் பேப்பரில் முட்டை விலை பார்த்தே பழகிய ஊர்க்காரன் நான். ஒரு முட்டை என்ன விலை விழுகிறது என்று கணக்குப் போட முடியாமல் முதல் வாரம் முழுக்கத் தவித்தேன்.

2018 மார்ச்சில் நானும் என் வீட்டம்மாவும் போனோம். திருச்சியிலிருந்து கோலாலம்பூர், அங்கிருந்து குவாங்சோ. மகனுக்கு அங்கே சரக்குகளைத் தரம் பார்த்து அனுப்புகிற கம்பெனியில் வேலை. 1 கோடியே 40 லட்சம் பேருக்கு மேல் வாழ்கிற ஊர் அது. தியென்ஹே என்ற பகுதியில், 23-வது மாடியில் வீடு. ஓட்டலில் தங்காமல் வீட்டில் தங்குகிற வெளிநாட்டுக்காரர் 24 மணி நேரத்துக்குள் போலீஸ் ஸ்டேஷனில் பதிய வேண்டும் என்பது சட்டம். அதனால் போய் இறங்கியதும் முதல் வேலையாக மகன் எங்களை ஸ்டேஷனுக்கு அழைத்துப் போனான். "நம்ம வம்சத்துல யாரும் ஸ்டேஷன் படி ஏறினதில்லீங்க" என்று வீட்டம்மா வருத்தப்பட்டாள்.

பங்குனி, சித்திரையில் அந்த ஊரில் சுவர் வியர்க்கும். தெற்கேயிருந்து வரும் ஈரக்காற்றில் தரை, கண்ணாடி எல்லாம் நனைந்து சொட்டும். துவைத்த வேட்டி மூன்று நாளானாலும் காயாது. வடகம் போடலாம் என்று ஜவ்வரிசி கொண்டுபோயிருந்த வீட்டம்மா, நம் மொட்டைமாடி வெயிலை நினைத்துப் பெருமூச்சு விட்டாள். வாட்ஸ்அப் அங்கே தடை. ராசிபுரத்தில் இருக்கும் தங்கையோடு பேசக்கூட மகன் ஏதோ சுற்றுவழி போட்டுக் கொடுக்க வேண்டியிருந்தது. கடைகளில் எல்லோரும் செல்போனைக் காட்டிப் பணம் கட்டினார்கள். அந்த ஊர் வங்கிக் கணக்கு இல்லாததால் நான் மட்டும் நோட்டை நீட்டிக்கொண்டு நிற்பேன். கல்லாவில் இருக்கும் பெண் சில்லறைக்காக மேஜை டிராயரைக் குடைவாள்.

இதெல்லாம் பழகிவிட்டது. பழகாதது ஒன்று: 34 வருடம் வாத்தியார் வேலை பார்த்தவனுக்கு ஒரு எழுத்தும் படிக்க முடியவில்லை. மெட்ரோ ரயிலில் ஆங்கிலம் உண்டு, கோட்டின் நிறத்தைப் பார்த்தும் ஏறிவிடலாம். தெருவுக்குள் வந்துவிட்டால் எல்லாம் பூச்சி ஊர்ந்த மாதிரிதான். மருந்துக்கடை எது, முடிவெட்டுகிற கடை எது என்று உள்ளே எட்டிப் பார்த்துத்தான் சொல்ல முடியும். காலையில் பூங்காவுக்குப் போனால் என் வயதுக்காரர்கள் பெரிய தூரிகையைத் தண்ணீரில் தொட்டுக் கல்தரையில் எழுதிக்கொண்டிருப்பார்கள். எழுதி முடிப்பதற்குள் முதல் வரி காய ஆரம்பித்துவிடும். சுற்றி நிற்பவர்கள் அதைப் படித்துத் தலையாட்டுவார்கள். நானும் ஆட்டுவேன்.

மகன் ஒரு சீட்டில் வீட்டு விலாசத்தைச் சீனத்தில் எழுதிக் கொடுத்து, "சட்டைப் பையில வச்சுக்கங்கப்பா" என்றான். எனக்குச் சுருக்கென்றது. தேர்க் கூட்டத்தில் தொலைந்துபோகிற பிள்ளைக்கு எழுதி வைப்பது போல! ஆனாலும் வாங்கி வைத்துக்கொண்டேன்.

மூன்றாவது வாரம். வீட்டம்மாவுக்குத் தயிர் வேண்டும் என்று நாலு ஸ்டாப் தள்ளி இருந்த பெரிய கடைக்குத் தனியாகப் போனேன். வாங்கிக்கொண்டு திரும்பும்போது பஸ் நம்பரைச் சரியாகப் பார்த்து ஏறி, 2 யுவான் பெட்டியில் போட்டு உட்கார்ந்தேன். கண்டக்டர் என்று யாரும் கிடையாது. அங்கே வண்டிகள் வலதுபக்கம் ஓடுகின்றன என்பது அப்போது நினைவில் இல்லை. நம் ஊர்ப் பழக்கத்தில் சாலைக்கு எதிர்ப்பக்கம் நின்று ஏறியிருக்கிறேன். கட்டடங்கள் குறைந்து, பாலம் வந்து, பாலமும் போய், கடைசி ஸ்டாப்பில் டிரைவர் எழுந்து வந்து ஏதோ சொன்னார். செல்போனில் சார்ஜ் இல்லை.

கேட்கலாம் என்றால் எந்த மொழியில் கேட்பது? கொஞ்ச நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தேன். பிறகு சீட்டை எடுத்து நீட்டினேன். டிரைவர் படித்தார். இறங்கப் போன ஒரு அம்மாளிடம் காட்டினார். அந்த அம்மாள் என் சட்டைக் கையைப் பிடித்துச் சாலையைக் கடக்கவைத்து, அடுத்த பஸ் வரும்வரை கூடவே நின்று, புது டிரைவரிடம் சீட்டைப் படித்துக் காட்டி, முன் சீட்டில் என்னை உட்காரவைத்துவிட்டுப் போனாள். எனக்குத் தெரிந்த 'ஷியே ஷியே' என்ற நன்றியை மூன்று தடவை சொன்னேன்.

திரும்பி வந்த முக்கால் மணி நேரமும் என் அம்மா ஞாபகம்தான்.

அம்மா கைநாட்டு. அறிவொளி இயக்கம் நடந்த சமயம் அது. நாமக்கல் இன்னும் தனி மாவட்டம் ஆகவில்லை. 1997-ல்தான் சேலத்திலிருந்து பிரிந்தது. நான் புதுச்சத்திரம் பக்கத்து ஊர்களுக்கு சைக்கிளில் போய், காட்டு வேலை முடித்து வருகிற பெண்களுக்கு இரவில் எழுத்துச் சொல்லிக்கொடுத்தேன். பெட்ரோமாக்ஸ் வெளிச்சத்தில் அவர்கள் கையைப் பிடித்துப் பெயர் எழுதவைத்தேன். பாராட்டிப் பேசினார்கள், துண்டு போட்டார்கள். வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருந்த அம்மாவிடம் ஒரு நாள்கூடச் சிலேட்டை நீட்டவில்லை. ஏன் என்று கேட்டால் இன்றைக்கும் என்னிடம் பதில் இல்லை.

ஒருமுறை தங்கை வீட்டுக்குப் போன அம்மா, ராசிபுரம் பஸ் ஸ்டாண்டில் நாமக்கல் வண்டி என்று நினைத்து ஆத்தூர் வண்டியில் ஏறிவிட்டாள். வழக்கமான வண்டியை அதன் நிறத்தை வைத்துத்தான் அடையாளம் வைத்திருந்தாள். அன்றைக்கு நிறம் மாறிவிட்டது. இரவு ஒன்பது மணிக்கு வந்து சேர்ந்தவளை வாசலில் வைத்தே, அக்கம்பக்கம் கேட்க, கத்தினேன். "வாய் இல்லையா? நாலு பேரைக் கேட்டு ஏறக் கூடாதா?"

அம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு மெதுவாகச் சொன்னாள்: "கேக்க வெக்கமா இருந்துச்சு கண்ணு. வாத்தியாரு அம்மாளுக்கு போர்டு படிக்கத் தெரியலையான்னு சொல்ல மாட்டாங்களா?"

நான் சாப்பிடாமல் போய்ப் படுத்துக்கொண்டேன். கோபம் அவள் மேல் என்றுதான் அன்றைக்கு நினைத்தேன்.

குவாங்சோ வீட்டு வாசலில் மகன் நின்றுகொண்டிருந்தான். ஆபீசிலிருந்து பாதியில் ஓடி வந்திருக்கிறான். திட்டப்போகிறான் என்று தயாராகத்தான் போனேன். தயிர்ப் பையைக் கையிலிருந்து வாங்கிக்கொண்டு, "பயந்துட்டீங்களாப்பா?" என்றான். அவ்வளவுதான். அவனிடம் அன்றைக்கு எதுவும் சொல்ல முடியவில்லை.

அத்தனை அலைச்சலுக்குப் பிறகு பிரித்து வாயில் வைத்தால் தயிர் சர்க்கரையாக இனிக்கிறது. மோர்க்குழம்புக்கு ஆகாது. வீட்டம்மா சிரித்துவிட்டாள்.

மறுநாள், 'சர்க்கரை இல்லாதது' என்பதற்கு அவர்கள் எழுத்து எப்படி இருக்கும் என்று ஏழு வயதுப் பேரனிடம் கேட்டேன். இரண்டே எழுத்து. முதலாவதுக்கு 4 கோடு, இரண்டாவதுக்கு 16 கோடு. அவன் நோட்டில் பெரிதாக எழுதிக் காட்டினான். நான் பார்த்து எழுதினேன். முகத்தைச் சுளித்தான். பிறகு எழுந்து வந்து, பென்சிலோடு சேர்த்து என் கையைப் பிடித்துக்கொண்டான்.

"அப்படி இல்ல தாத்தா. மேல இருந்து ஆரம்பிக்கணும்."