திரை இருண்டது... கண் திறந்தது!

"முதலில் சப்ளையைப் பார்" என்று லேபில் நம் ஆசிரியர்கள் மூன்று வருஷமாய்ச் சொன்னது, என் மண்டையில் ஒரே ஒரு ராத்திரியில்தான் ஏறியது. அந்தக் கதைதான் இது.

2023 ஆனி மாதம். குற்றாலத்தில் சாரல், கடையநல்லூர் வரைக்கும் சிலுசிலுவென்று காற்று. எங்கள் வீட்டுக் கம்ப்யூட்டர் அக்காவுடையது. கல்யாணப் பத்திரிகை, கடைத் திறப்பு நோட்டீஸ் என்று அதில் அவள் டிசைன் செய்யும் காசில்தான் என் பரீட்சை ஃபீஸ் கட்டியது. "கேட் டிராயிங் பழகணும்க்கா, கிராஃபிக்ஸ் கார்டு இல்லாம முடியாது" என்று அடம் பிடித்தேன். உண்மை என்ன தெரியுமா? ராத்திரி கேம் விளையாடத்தான்! நம்பி, சீட்டுப் பணத்தை எடுத்துத் தந்தாள்.

2022 செப்டம்பரில் ஈதரியம் என்ற டிஜிட்டல் நாணயம் தன் முறையை மாற்றிக்கொண்டதும், அதைத் தோண்டக் கார்டு அடுக்கி வைத்திருந்தவர்கள் விற்கத் தொடங்கினார்கள். பழைய கார்டுகள் மலிந்த நேரம். 2016-ல் வந்த ஜி.டி.எக்ஸ். 1060 ஒன்றை ரிச்சி ஸ்ட்ரீட்டில் வாங்கி, பொதிகை எக்ஸ்பிரஸில் கொண்டு வந்தான் நண்பன்.

மாட்டினேன். சுவிட்சைப் போட்டேன். ஃபேன் சுற்றுகிறது, லைட் எரிகிறது... திரை மட்டும் கும்மிருட்டு!

ராமைக் கழற்றி ரப்பரால் தேய்த்தேன். போர்டில் இருந்த 2032 பேட்டரியைக் கழற்றி மாட்டினேன். ம்ஹூம்! 'செத்த கார்டைத் தலையில் கட்டிவிட்டான்' என்று போனில் நண்பனைத் திட்டியும் தீர்த்தேன். இதற்குள் அக்கா எழுந்து வந்துவிட்டாள். "காலைல பத்திரிகை ஃபைலை பிரஸ்ஸுக்குக் குடுக்கணும்டா. எல்லாம் அதுக்குள்ளதான கெடக்கு?" என்றாள். கோபமே இல்லாத குரல். அதுதான் சுட்டது.

விடிந்ததும் அடுத்த தெரு டி.வி. மெக்கானிக் மாமாவிடம் ஓடினேன். அவருக்குக் கம்ப்யூட்டர் தெரியாது. வந்தவர், பின்பக்கம் குனிந்து பார்த்தார்.

"ஏல, புதுசா மாட்டுனது எது?"

"இந்தா, இந்தக் கார்டு மாமா."

"அப்போ படம் அதுலேர்ந்துதான வரும்? மானிட்டர் வயர் பழைய ஓட்டையிலல்லா கெடக்கு!"

வயரைக் கார்டுக்கு மாற்றினேன். திரை பளிச்! ஆனால் விண்டோஸ் வரவில்லை. 'கணினியை அணைத்துவிட்டு, கார்டுக்குரிய மின்வயரை இணைக்கவும்' என்று ஆங்கிலத்தில் ஓர் எச்சரிக்கை!

வெட்கமாகப் போய்விட்டது. மதர்போர்டு ஸ்லாட் தருவது அதிகபட்சம் 75 வாட். அந்தக் கார்டு கேட்பதோ 120 வாட். மீதிக்குத்தான் தலையில் ஆறு முனை சாக்கெட் வைத்திருக்கிறார்கள். அதற்கான வயர் ஹார்ட் டிஸ்க்குக்குப் பின்னால் சுருட்டிக் கட்டியபடியே கிடந்தது. சுவிட்சை அணைத்து, மாட்டினேன். அக்காவின் பத்திரிகை, மணமக்கள் பெயரோடு திரையில் வந்தது.

யோசித்துப் பாருங்கள்! ராத்திரி முழுக்க அந்தக் கார்டு தன் குறையைச் சொல்லிக்கொண்டேதான் இருந்திருக்கிறது. நான்தான் அடுத்த சன்னலில் நின்று எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தேன். கோளாறு கார்டிலும் இல்லை, நண்பனிடமும் இல்லை.

நண்பனுக்குப் போன் போட்டு மன்னிப்புக் கேட்டேன். பிறகு அக்காவிடம், "கேட் டிராயிங்குக்கு இல்லக்கா... கேம் வெளாடத்தான் கேட்டேன்" என்று உடைத்துச் சொல்லிவிட்டேன்.

மவுஸை நகர்த்தியபடியே, "அதச் சொல்லியே கேட்டுருக்கலாம்லடா" என்றாள். அவ்வளவுதான்.

தம்பிகளே, தங்கைகளே! கார்டு மாற்றித் திரை இருண்டால் பயப்படாதீர்கள். மானிட்டர் வயர் கார்டில்தான் இருக்கிறதா, மின்வயர் ஏறியிருக்கிறதா, கார்டு ஸ்லாட்டில் முழுசாய் உட்கார்ந்திருக்கிறதா என்று பாருங்கள். அடுத்தவனைத் திட்டுவதை அதற்கப்புறம் வைத்துக்கொள்ளலாம். பெரும்பாலும் தேவைப்படாது!