கரும்பலகையில் இல்லாத பெயர்

அமெரிக்காவின் ஆதிமனிதரைப் பற்றிக் கற்பிக்கும்போதெல்லாம், நியூ மெக்சிக்கோவிலுள்ள போல்சம் என்னும் ஊரின் பெயரைக் கரும்பலகையில் எழுதி வந்தோம். அவ்வூர்ப் புதையலை முதலிற் கண்டவரின் பெயரை நெடுங்காலம் எழுதாதிருந்தோம். இன்று அதற்காக நாணுகின்றோம்.

ஜோர்ஜ் மக்யங்கின், அடிமையாகப் பிறந்த கறுப்பினத்தவர். பள்ளி செல்லாமலே எழுத்தறிந்த மாடு மேய்ப்பாளர். 1908ஆம் ஆண்டுப் பெருவெள்ளம் வடிந்தபின் வேலிகளைப் பார்வையிடச் சென்றவர், அரிக்கப்பட்ட ஓடைக்கரையின் ஆழத்திற் பேரெலும்புகளைக் கண்டார். அவை சாதாரண மாட்டெலும்புகள் அல்லவென உணர்ந்து பிறருக்கும் எடுத்துரைத்தார். அவர் வாழ்ந்தவரை எந்த அறிஞரும் அங்கு வரவில்லை. 1922இல் அவர் மறைந்தார்.

1926இல் டென்வர் நகர நூதனசாலையினர் அவ்விடத்தை அகழத் தொடங்கினர். மறு ஆண்டு, அழிந்தொழிந்த காட்டெருதின் விலா எலும்புகளுக்கிடையே கல் ஈட்டிமுனையொன்று பதிந்திருக்கக் கண்டனர். அதனைப் பெயர்க்காமலே பிற அறிஞரை அழைத்துக் காட்டினர். மனிதர் அக்கண்டத்துக்கு வந்து சில ஆயிரம் ஆண்டுகளே ஆயின என்ற வாதம் அன்று தகர்ந்தது. பத்தாயிரம் ஆண்டுகளுக்கு முன்னரே அங்கு வேட்டுவர் வாழ்ந்தனர் என்பது உறுதியாயிற்று. அவரினும் தொன்மையோரின் தடயங்களும் பின்னர்க் கிடைத்துள்ளன.

மண்ணைத் தோண்டியோரை வரலாறு மறக்கவில்லை. மண்ணில் உழைத்துக்கொண்டே அதனைப் படித்தறிந்தவரையே மறந்தது. அம்மறதியில் எமக்கும் பங்குண்டு. இனிக் கரும்பலகையில் ஊரின் பெயருக்கு முன் அவர் பெயரை எழுதுவோம்.