அறுபடக் கூடாத கம்பி

காரின் பின்னால் ஒரு வீட்டைப் பூட்டி இழுத்துச் செல்லும் பழக்கம் அமெரிக்காவில் ஏறத்தாழ நூறாண்டுகளாக இருந்துவருகிறது. ஏர்ஸ்ட்ரீம் நிறுவனம் 1936இல் வெளியிட்ட ‘கிளிப்பர்’ என்னும் அலுமினிய வண்டியிலேயே நால்வர் உறங்க இடமும், தண்ணீர்த் தொட்டியும், மின்விளக்குகளும் இருந்தன. ஊரைவிட்டு, கம்பங்களையும் கம்பிகளையும் விட்டு விலகிப்போய்க் காட்டோரத்தில் தங்குவதற்காகவே உண்டான வண்டி அது. ஆயினும் விலகிப்போகிறவருக்கும் இரவில் விளக்கு வேண்டும். அந்த விளக்குக்காக வண்டியின் முன்னே, இழுவைச் சட்டத்தின்மேல், ஒரு பேட்டரி அமர்ந்திருக்கிறது.

நாங்கள் வாங்கியது அவ்வளவு பெயர்பெற்ற வண்டியன்று. மிச்சிகனில் ஒரு முதியவர் பயன்படுத்திவிட்டு விற்ற சிறிய டிரெயிலர். விற்கும்போதே அவர் ஒளிக்காமல் சொன்னார்: “ஒவ்வொரு வசந்தத்திலும் புதிய பேட்டரி வாங்க வேண்டியிருக்கும். இந்த வண்டியின் குணம் அப்படி.” அங்கே பனிக்காலம் நீண்டது. நவம்பரில் நிறுத்தப்படும் வண்டி ஏப்ரலில்தான் மறுபடி சாலையைப் பார்க்கும். அந்த ஐந்து மாதங்களில் பேட்டரி செத்துவிடுகிறது. ஆனால் இயந்திரங்களுக்குக் குணம் என்று எதுவும் இல்லை; காரணம்தான் உண்டு.

அப்போது எங்களோடு தங்கியிருந்த அம்மா நேராகவே கேட்டார்: “விளக்கு, விசிறி எல்லாத்தையும் அணைச்சாச்சு. அப்புறம் யாருப்பா கரண்ட்டைத் தின்னுறது?”

சரியான கேள்வி. அளவுமானியை இடையில் வைத்துப் பார்த்தோம். எல்லா விசைகளும் அணைந்திருந்த நிலையில் 180 மில்லி ஆம்பியர் ஓடிக்கொண்டிருந்தது. சிறிய எண்தான், கணக்குப் போட்டால் அப்படி இல்லை. ஒரு நாளைக்கு 4.3 ஆம்பியர் மணி. எங்கள் பேட்டரியின் கொள்ளளவு 80 ஆம்பியர் மணி. ஒன்பது நாட்களில் பாதி தீர்ந்துவிடும். மூன்று வாரம் முடிவதற்குள் முழுதும் தீர்ந்துவிடும். ஈய அமில பேட்டரி பாதிக்குக் கீழே அடிக்கடி இறங்கினாலே அதன் ஆயுள் குறையும். வெறுமையாகிக் கிடந்தாலோ தட்டுகளில் கந்தகப் படிவு இறுகி, பிறகு மின்னேற்றினாலும் பழைய நிலைக்குத் திரும்பாது. குளிர் நாட்டில் இன்னொரு கேடும் உண்டு. நிறைந்த பேட்டரியின் அமிலக் கரைசல் எந்தப் பனிக்கும் எளிதில் உறையாது. தீர்ந்துபோனதில் எஞ்சியிருப்பது பெரும்பாலும் தண்ணீர். அது உறைந்து விரிந்து பெட்டியையே பிளந்துவிடும்.

தின்பவர்கள் யார்? நேரத்தை நினைவில் வைத்திருக்கும் வானொலி, குளிர்ப்பெட்டியின் கட்டுப்பாட்டுப் பலகை, இவற்றோடு எரிவாயுக் கசிவை உணர்த்தும் கருவி. எங்கள் வண்டியில் பெரும்பங்கு இந்தக் கருவியுடையது. அதைக் குறைசொல்லவும் முடியாது. புரொப்பேன் காற்றைவிடக் கனமானது. கசிந்தால் தரையில் தேங்கும். அதனால் கருவியைத் தரையோரமாகவே பொருத்தியிருக்கிறார்கள். கதவை மூடி உறங்கும் ஒரு சிறிய பெட்டிக்குள் அதுதான் காவல். காவல்காரனுக்குச் சோறு போட்டுத்தான் ஆகவேண்டும். ஆள் இல்லாத வீட்டுக்கும் ஐந்து மாதம் சோறு போட வேண்டுமா என்பதுதான் கேள்வி.

“அப்படின்னா மெயினை இறக்கிட்டுப் போக வேண்டியதுதானே?” என்றார் அம்மா. கிணற்று மோட்டார்க் கொட்டகையில் வேலை முடிந்ததும் மெயினை இறக்காமல் வீடு திரும்பாத தலைமுறை அவருடையது. டிரெயிலரில் அப்படி ஒரு மெயின் இல்லை. தயாரித்தவர்கள் வைக்கவில்லை, வாங்குகிறவர்கள்தாம் வைத்துக்கொள்ள வேண்டும். படகுகளில் பயன்படும் சுழல்விசை ஒன்று போதும். விலை அதிகமில்லை, வேலை ஒரு பிற்பகல். இருந்தும் எந்தக் கம்பியில் அதை வைப்பது என்பதில்தான் விஷயம் இருக்கிறது.

எளிய வழி எதிர்முனையில் வைப்பது. அங்கிருந்து வண்டியின் சட்டத்துக்குப் போவது பெரும்பாலும் ஒரே தடித்த கம்பி. அதை இடையில் அறுத்தால் எல்லாம் அணையும். பலரும் அப்படித்தான் செய்கிறார்கள். எல்லாம் அணையும் என்பதே அதன் சிறப்பு. அதன் ஆபத்தும் அதுவே.

இழுவைச் சட்டத்தில், பேட்டரிக்கு அருகே, தீப்பெட்டி அளவில் ஒரு சிறு பெட்டி இருக்கிறது. அதில் ஓர் ஊசி செருகியிருக்கும். ஊசியிலிருந்து மெல்லிய எஃகுக் கம்பி ஒன்று முன்னே செல்லும் காரோடு பிணைந்திருக்கும். ஓடும்போது கொண்டி கழன்று டிரெயிலர் தனியே பிரிந்தால், எஃகுக் கம்பி ஊசியைப் பிடுங்கும். உள்ளே தொடுமுனைகள் சேரும். பேட்டரியின் மின்சாரம் சக்கரங்களின் பிரேக் காந்தங்களுக்குப் பாயும். ஓட்டுநர் இல்லாத வண்டி தானே நிற்கும். காரிலிருந்தும் ஒரு மின்கம்பி வருகிறதே என்று எண்ணக் கூடாது. வண்டி பிரியும் கணத்தில் அந்தச் செருகியும் பிய்ந்துகொண்டுதான் போகும். அப்போது துணை இந்த ஒரு பேட்டரி மட்டுமே. வணிக ஊர்திகளுக்கான அமெரிக்க நடுவண் அரசின் விதி, பிரிந்த இழுவண்டியின் பிரேக் குறைந்தது 15 நிமிடம் பிடித்திருக்க வேண்டும் என்கிறது. குடும்ப வண்டியானாலும் பின்னால் வருகிற காரில் இருப்பவை உயிர்கள்தாமே.

எதிர்முனையை அறுத்துவிட்டு, மறுபடி இணைக்க மறந்து ஒருவர் புறப்படுகிறார் என்று வைத்துக்கொள்வோம். காரிலிருந்து மின்சாரம் வருவதால் பின்விளக்கு எரியும். பிரேக் மிதித்தால் பிடிக்கும். எதுவும் குறையாகத் தெரியாது. குறை தெரிய வரும் நாள், திருத்த நேரமில்லாத நாளாக இருக்கும்.

ஆகவே விசையை நேர்முனைப் பக்கத்தில் வைப்பதென்று முடிவுசெய்தோம். அந்த முனையில் மூன்று கம்பிகள் இருந்தன: வீட்டுக்குள் செல்லும் தடித்தது ஒன்று, காரிலிருந்து மின்னேற்ற வருவது ஒன்று, ஊசிப் பெட்டிக்குப் போகும் மெல்லியது ஒன்று. முதல் இரண்டும் விசையின் வழியே செல்ல வேண்டும். மூன்றாவது பேட்டரியிலேயே நேராக நிற்க வேண்டும். அதனால் மின்இழப்பும் இல்லை. ஊசி செருகியிருக்கும் வரை அந்தச் சுற்று திறந்தே கிடக்கிறது. துளி மின்சாரமும் எடுப்பதில்லை. கசிவுக் கருவி உண்டுகொண்டே காவல் காப்பது. இது உண்ணாமல் காவல் காப்பது.

மூன்றில் எது அது என்று நிறத்தைக் கொண்டு முடிவுகட்ட முடியாது. பழைய வண்டியில் எத்தனை கைகள் பட்டிருக்குமோ! ஒரு பக்கச் சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து, மறுபக்கத்துச் சக்கரம் ஒன்றை ஜாக்கியால் தூக்கித் தாங்கி நிறுத்தினோம். நேர்முனையில் ஒவ்வொரு கம்பியாக மட்டும் விட்டு, ஒருவர் சக்கரத்தைச் சுழற்ற, மற்றவர் ஊசியை இழுத்தோம். சக்கரம் எந்தக் கம்பியில் நின்றதோ அந்தக் கம்பியில் சிவப்பு நாடாவைச் சுற்றினோம்.

பிறகு வேலை. வெளிமின்சாரத்தைப் பிடுங்கி, காரைக் கழற்றிவிட்டு, முதலில் எதிர்முனைக் கம்பியை எடுத்தோம். வரிசை முக்கியம். நேர்முனையை முதலில் தளர்த்தினால், ஸ்பேனரின் மறுநுனி வண்டிச் சட்டத்தில் பட்டதும் பொறி பறக்கும். பேட்டரியிலிருந்து வரும் ஹைட்ரஜன் பக்கத்தில் இருந்தால் பொறியோடு நிற்காது. பழைய கம்பிக்குக் குறையாத தடிமனில் ஒரு துண்டு வெட்டி, இரு நுனியிலும் செப்பு லக்குகளை நசுக்கிப் பொருத்தி, பேட்டரிக்கும் விசைக்கும் இடையே இட்டோம். சிவப்பு நாடாக் கம்பியைப் பேட்டரி முனையிலேயே விட்டோம். எதிர்முனையைக் கடைசியில் மாட்டினோம்.

விசையை அணைத்ததும் உள்ளே கசிவுக் கருவியின் பச்சைப் புள்ளி மறைந்தது. அளவுமானி பூஜ்யம் காட்டியது. அடுத்ததுதான் எங்களுக்கு வேண்டிய சோதனை. சக்கரத்தைச் சுழற்றி, ஊசியை இழுத்தோம். சக்கரம் சட்டென்று நின்றது. காந்தங்கள் சூடேறும் என்பதால் உடனே ஊசியைச் செருகிவிட்டோம்.

தமிழில் ‘துணி’ என்னும் வினைக்கு அறுபடுவது என்றும் பொருள், முடிவெடுப்பது என்றும் பொருள். வகுப்பில் இதைப் பலமுறை சொல்லியிருக்கிறோம், சொல்லாராய்ச்சியாகவே சொல்லியிருக்கிறோம். கையில் கம்பிவெட்டியோடு அந்தச் சட்டத்தருகே குனிந்து நின்றபோதுதான் இரண்டு பொருளும் ஏன் ஒரு சொல்லில் குடியிருக்கின்றன என்பது உறைத்தது. எதையும் அறுத்துவிடலாம், அதற்குக் கருவி போதும். எதை அறுக்காமல் விடுவது என்பதற்குத்தான் துணிவு என்று பெயர். வீட்டைப் பூட்டிக்கொண்டு தேசம்விட்டு வந்தவர்களுக்கு இது புதிய செய்தியும் அன்று.

விசை வந்த பிறகு இரண்டு வழக்கங்கள் தேவைப்பட்டன. வெளிமின்சாரத்தில் மாட்டினாலும் விசை அணைந்திருந்தால் பேட்டரிக்கு மின்னேறாது. அதனால் மாட்டும்போது விசை திறந்திருக்க வேண்டும். உள்ளே ஒருவர் உறங்கினாலும் விசை திறந்திருக்க வேண்டும். இல்லையேல் கசிவுக் கருவியும் நம்மோடு உறங்கிவிடும். ‘உறங்குமுன் இணைக்க’ என்று அம்மா தம் கையால் எழுதிய சீட்டு விசையின்மேல் ஒட்டியிருக்கிறது. அதன் கீழே ஆங்கிலத்திலும் எழுதினோம். சிவப்பு நாடாக் கம்பியில் இன்னொரு சீட்டு: ‘பிரேக். இதை விசையோடு சேர்க்காதீர்.’ நாளைக்கு இந்த வண்டியை வாங்கப் போகிறவர் தமிழராக இருக்கப்போவதில்லை.

அந்த நவம்பரில் பேட்டரி 12.7 வோல்ட் காட்டியது. ஏப்ரலில் பனி உருகியதும் போய்ப் பார்த்தபோது 12.5.