கிணற்றடியில் மூத்தவாப்பா

எங்கள் மூத்தவாப்பாவை நான் கண்டதில்லை. 2003 இல் புத்தளத்து முகாமில் அவர் மவுத்தானபோது நான் பிறக்கவே இல்லை. வீட்டில் மிஞ்சியிருப்பது அவருடைய அடையாள அட்டையில் உள்ள ஒரேயொரு கறுப்பு வெள்ளைப் படம்தான். மற்றப் படங்களெல்லாம் 1990 ஒக்டோபரில், முல்லைத்தீவு தண்ணீரூற்றிலிருந்து எங்கள் ஆட்கள் வெளியேற்றப்பட்டபோது வீட்டோடு போய்விட்டன. பல வருடங்களுக்குப் பிறகு திரும்பி வந்தபோது வீடு இருந்த இடத்தில் பற்றைக்காடுதான் நின்றதாம். கிணறு மட்டும் அப்படியே இருந்தது.

சாதாரண தரப் பரீட்சை எழுதிவிட்டு முடிவுக்காகக் காத்திருந்த மாதங்களில், நானாவின் பழைய மடிக்கணினியில் பிளெண்டர் என்ற மென்பொருளைப் பழகினேன். அது இலவசம். (காசு எவ்வளவு என்று கேட்கும் பெற்றோருக்காக இதைச் சொல்கிறேன். 2025 இல் ஒஸ்கார் விருது பெற்ற 'ஃப்ளோ' என்ற பூனைப் படமும் இதிலேதான் செய்யப்பட்டது.) உம்மம்மா சொல்லச் சொல்லப் பழைய முற்றத்தைக் கணினிக்குள் கட்டினேன். அம்புக்குறிகளை அழுத்தினால் அதற்குள் நடந்து திரியலாம். வேலி, கிணறு, முருங்கை எல்லாம் வந்துவிட்டன. ஆள் இல்லாத முற்றம் என்னவோ போல இருந்தது. அதனால் மூத்தவாப்பாவைச் செய்யத் தொடங்கினேன்.

அடையாள அட்டைப் படத்தைப் பார்த்து மூக்கையும் தாடையையும் தாடியையும் அளந்து அளந்து செதுக்கினேன். மூன்று கிழமை போனது. நடக்கவும் வைத்து உம்மம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவர் கண்ணாடியைத் துடைத்துவிட்டுக் கன நேரம் பார்த்தார்.

"மூஞ்சி அவர்ட மூஞ்சிதான். ஆனா புள்ள, மையத்து எழும்பி நடக்கிற மாதிரியெல்லோ கிடக்குது."

எனக்கு அழுகை வந்துவிட்டது. ஆனால் அவர் சொன்னது சரி. மசஹிரோ மோரி என்ற ஜப்பானிய ரோபோ அறிஞர் 1970 இல் இதைத்தான் எழுதினார். ஓர் உருவம் மனிதனை நெருங்க நெருங்க எங்களுக்கு அதில் பிடிப்புக் கூடும். ஆனால் மிகவும் நெருங்கி, கொஞ்சம் மட்டும் பிசகிய இடத்தில் அந்தப் பிடிப்பு திடீரென்று பள்ளத்தில் விழுந்து அருவருப்பாகிவிடும். அவர் வரைந்த வரைபடத்தில் அந்தப் பள்ளத்தின் அடியில் குறித்திருப்பது சடலத்தை! உம்மம்மா எந்த வரைபடத்தையும் பார்த்தவர் அல்ல.

தமிழிலும் இந்தப் பள்ளத்தில் விழுந்த படம் உண்டு. 2014 இல் வந்த 'கோச்சடையான்'. சௌந்தர்யா ரஜினிகாந்த் இயக்கியது. குறிகள் பொருத்திய உடையோடு நடிகர்கள் நடிக்க, அந்த அசைவைக் கமராக்கள் பதிந்து கணினி உருவங்களுக்குக் கொடுத்தன. 2009 இல் காலமான நாகேஷைக்கூட அதில் வரவழைத்தார்கள். முகம் அவருடையது, அசைவும் குரலும் வேறு ஆட்களுடையவை. இந்தியாவில் அந்த அளவுக்கு அதற்குமுன் யாரும் துணியவில்லை. ஆனாலும் உருவங்களில் உயிர் இல்லை என்று பலர் குறைப்பட்டார்கள். முன்பு நானும் அதைப் பார்த்துச் சிரித்திருக்கிறேன். மூத்தவாப்பாவுக்கு இமை கொட்ட வைக்க முயன்ற பிறகு சிரிப்பதில்லை. நாங்கள் நிமிடத்துக்கு 15, 20 தடவை இமைக்கிறோம், அதுவும் ஒரே சீராக அல்ல. பார்வையைப் பெரிதாகத் திருப்பும்போது பெரும்பாலும் கூடவே இமைக்கிறோம். உண்மையாகச் சிரித்தால் கண்ணைச் சுற்றியுள்ள தசையும் சுருங்கும், ஒப்புக்குச் சிரித்தால் வாய் மட்டுந்தான் விரியும் என்று டுஷேன் என்ற பிரெஞ்சு மருத்துவர் 1862 இலேயே எழுதிவிட்டார். அடையாள அட்டையில் சிரித்தவர் யார்? அந்த மனிதர் எப்படிச் சிரிப்பார் என்பது எனக்குத் தெரியவே தெரியாது.

இதற்கிடையில் வாப்பா வேறொன்று சொன்னார். "மகள், முகம் வேணாம். மனசுக்குச் சரியாப் படல்ல." உயிருள்ளவற்றின் உருவம் அமைப்பது பற்றி மார்க்க அறிஞர்களிடையே கருத்து வேறுபாடு இருப்பது எங்கள் எல்லோருக்கும் தெரியும். நான் வாதாடினேன். இரண்டு நாள் வாப்பாவோடு சரியாகப் பேசவும் இல்லை. பிறகுதான் டிஸ்னியில் வேலை செய்த ஃபிராங்க் தோமஸும் ஒலி ஜோன்ஸ்டனும் 1981 இல் எழுதிய நூலைப் பற்றி அறிந்தேன். அங்கே பழகுபவர்களுக்கு ஒரு பயிற்சி உண்டாம். பாதி நிரம்பிய மா மூட்டை ஒன்றைக் கோபமாகவும் வெட்கமாகவும் சோர்வாகவும் வரைய வேண்டும். மூட்டைக்கு ஏது முகம்? பிக்சாரின் முதல் புகழ்பெற்ற குறும்படமும் (1986) இரண்டு மேசை விளக்குகளைப் பற்றியதுதான். பெரிய விளக்கு பெற்றவர், சின்னது பிள்ளை என்று பார்த்தவுடன் புரிந்துவிடும்.

அதனால் முகத்தை அழித்தேன். சாரம் கட்டி, தொப்பி போட்டு, எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு தண்ணீர் அள்ளும் ஓர் ஆள். அவ்வளவுதான்.

தம்பியை வாளியோடு கிணற்றடியில் விட்டு, போனில் வீடியோ எடுத்தேன். வாசலில் இருந்த உம்மம்மாவுக்குப் பொறுக்கவில்லை.

"அவர் இப்படியா இழுப்பார்? தள்ளுடா!"

எழுபத்தேழு வயதில் எழும்பி வந்து கயிற்றைப் பிடித்தார். இடது காலை முன்னுக்கு வைத்தார். மூன்று இழுவை இழுத்து நிறுத்தி, கயிற்றை ஒரு கையில் பிடித்தபடி மற்றக் கையை இடுப்பில் ஊன்றினார். தொப்பி இல்லாத தலையில் தொப்பியைப் பின்னுக்குத் தள்ளினார். பிறகு மறுபடி இழுத்தார். நான் மூச்சுவிடாமல் படம் எடுத்தேன். உடையில்லை, குறியில்லை, ஒரேயொரு கமரா. இறந்தவருக்கு வேறொருவர் அசைவு கொடுப்பதென்றால் இதுதானே!

அந்த வீடியோவை நிறுத்தி நிறுத்திப் பார்த்தேன். நொடிக்கு 24 பிரேம். வெறும் வாளி ஒரே ஓட்டமாக இறங்கும். நிறைந்த வாளியை இழுக்குமுன் உடம்பு முதலில் கீழே பதிந்து பிறகுதான் நிமிரும். முதல் இழுவை நீளம், மூன்றாவது குட்டை. நான் முன்பு எல்லாவற்றையும் ஒரே வேகத்தில் விட்டிருந்தேன், அதனால் தண்ணீருக்குப் பாரமே இல்லாமல் இருந்தது. பாரம் வாளியில் தெரியாது, முதுகில்தான் தெரியும். இதைச் சரிசெய்ய மட்டும் பதினொரு இரவு போனது. உயர்தரப் பாடங்களும் கொஞ்சம் போயின. அதற்கு உம்மாவிடம் வாங்கியதை இங்கே எழுதவில்லை.

ஒருநாள் மஃரிபுக்குப் பிறகு உம்மம்மாவுக்குப் போட்டுக் காட்டினேன். வாப்பாவும் கதவடியில் வந்து நின்றார். திரையில் அவர் காலை முன்னுக்கு வைத்தார், வாளியை விட்டார், மூன்று தரம் இழுத்து நின்றார்.

"ஓம், அந்த இடத்திலதான் நிப்பார்" என்றார் உம்மம்மா மெல்ல. "நெஞ்சு இழுப்பு இருந்திச்சு." அது எனக்குத் தெரியாது. அவர் எனக்குச் சொன்னதேயில்லை.

கொஞ்ச நேரத்தில், "ஒருக்காத் திரும்பச் சொல்லு புள்ள" என்றார்.

நான் வாப்பாவைப் பார்த்தேன். அவர் திரையைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

"இவருக்குத் திரும்பத் தெரியாது உம்மம்மா. நான் செய்யல்ல."

"சரி சரி, வேலையா நிக்கிறார்" என்றார் உம்மம்மா. "இன்னொருக்காப் போடு."